கட்டைவிரலில் இருந்த நட்டு

1.

"நட்டு எங்கடா?"

"போட்டேன் அண்ணி."

"எங்க போட்ட? கேபிள்லயா, வாயிலயா?"

"கேபிள்லதான் போட்டிருப்பேன்."

"இருப்பேனா? பொட்டிய மூடப் போறேன், நட்டக் காணோம். நீ இருப்பேங்கற."

இந்தக் கதையை நான் ஆரம்பிக்கவில்லை. அவர்கள் ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அன்று காலை எங்கள் தெருவில் நெட் இல்லை. இருந்திருந்தால் முன்பின் தெரியாத யாருடைய சண்டையையோ கைப்பேசியில் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பேன். இல்லாததால், ஜன்னலுக்குக் கீழே நடந்த சண்டையைப் பார்க்கும்படி ஆயிற்று. கதை பிறப்பது இப்படித்தான். மற்றபடி எழுத்தாளர்கள் சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள்.

(ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒட்டுக்கேட்பதென்றால் காதைச் சுவரில் வைக்க வேண்டும். நான் முழங்கையைத்தான் ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன்.)

2.

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"கம்பத்தில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்கியது, ஊரறியாத ரகசியத்தைப் போல" — வேண்டாம். எங்கள் தெருவில் ரகசியம் தங்காது. மாடியிலிருந்தே தெருவைக் கவனிக்கிற மாடி சார் இருக்கிறார், நான் இருக்கிறேன்.

"மனிதனை மனிதனோடு இணைப்பது எது என்று" — இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

நேராகச் சொல்கிறேன். அது கவிழ்த்துவைத்த குடத்தின் அளவில் ஒரு கனத்த பிளாஸ்டிக் பெட்டி. தொழிலில் ஜாயின்ட் பாக்ஸ் என்பார்கள். ஒரு கேபிள் அடிப்பக்கமாக நுழையும். உள்ளே அதன் தோலை உரித்தால் தலைமுடி மாதிரிக் கண்ணாடி இழைகள். ஒவ்வொன்றையும் ஒரு சின்ன மெஷினில் வைத்து மின்பொறியில் உருக்கி ஒட்டி, வீட்டுக்கு வீடு பிரித்து அனுப்புவார்கள். கேபிள் நுழைகிற வாயில் ஒரு ரப்பர் வளையம். அதை இறுக்கிப் பிடிக்க ஒரு பித்தளை நட்டு. நட்டு சரியாக இருந்தால் மழையும் எறும்பும் உள்ளே போகாது. வெளியே யாராவது கேபிளைப் பிடித்து இழுத்தாலும் அந்த இழுப்பு கண்ணாடி வரைக்கும் போகாது. கழுத்திலேயே நின்றுவிடும்.

அன்று நெட் போனதே இதனால்தான். போன தடவை வேறு யாரோ வந்தவர்கள், நட்டுக்குப் பதிலாக டேப்பைச் சுற்றி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். குப்பை லாரி கேபிளில் மாட்டி லேசாக ஒரு இழு இழுத்தது. உள்ளே அத்தனை கண்ணாடியும் முறிந்தது.

அந்த நட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேபிளைப் பெட்டிக்குள் விடுவதற்கு முன்பே அதைக் கேபிளில் கோத்துவிட வேண்டும். எல்லா இழையையும் ஒட்டி முடித்த பிறகு நினைவு வந்தால் தலைகீழாக நின்றாலும் மாட்ட முடியாது. இரண்டு முனையும் கட்டிவிட்ட கயிற்றில் எங்கே போய் மணி கோப்பது? வெட்டத்தான் வேண்டும்.

(பிளந்து மாட்டுகிற நட்டு இல்லையா என்று மாடி சார் மேலேயிருந்து கேட்டார். "இருக்கு சார். இந்தப் பொட்டிக்கு வராது" என்று பதில் வந்தது. இதே கேள்வியோடு ஒரு வாசகர் வருவார் என்று தெரியும். அவருக்காக எழுதிவைக்கிறேன்.)

3.

இழைகளை ஒட்டுகிற ஜாயின்டர் முப்பது தாண்டிய பெண். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும். அதைத் தேடும்போதும் நெற்றியில்தான் இருக்கும். அவர் வீட்டுக்காரர் நாற்காலியில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற ஜாதி. ஆகவே அவர் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, அவருடைய தம்பி அண்ணியோடு வேலைக்கு வருகிறான். தம்பிக்குத் தெரு வைத்த பெயர் ஏணி. அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரும்போது எது எதைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று ஒரு நிமிஷம் குழம்பும். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி.

கம்பத்திலிருந்து பெட்டியை இறக்கி, கம்பத்தடியில் மடக்கு மேஜை போட்டு, பெரிய குடையை விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். தெரு இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் இருவருக்கும் நடுவே ஒரு ஏற்பாடு. ஏணி நட்டைத் துடைத்து, கிரீஸ் தடவி, தன் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வான். கேபிளின் தோலை உரித்து முடித்ததும் விரலிலிருந்து கழற்றிக் கேபிளில் கோப்பான். ஜாயின்டர் நிமிர்ந்து அவன் விரலை மட்டும் பார்ப்பார். விரலில் நட்டு இருந்தால் பொறு. விரல் மொட்டை என்றால் ஒட்டு. எத்தனையோ வருஷமாக எத்தனையோ தெருவில் இந்த ஏற்பாடு தவறியதில்லை.

அன்று நிமிர்ந்து பார்த்தார். விரல் மொட்டை. ஒட்டினார். ஒவ்வொரு இழையாக ஒட்டி, சுருட்டித் தட்டில் அடுக்கி, மூடியைக் கையில் எடுத்தபோதுதான் கேபிளின் கழுத்து வெறுமையாக இருந்தது கண்ணில் பட்டது.

ஏணி சட்டைப் பைக்குள் கையை விட்டான். விழுந்த பல்லைக் காட்டுகிற குழந்தை மாதிரி நட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"பையில ஏண்டா இருக்கு?"

"மறந்துட்டேன் அண்ணி."

"மறந்திருந்தா விரல்லயே இருந்திருக்கும். கழட்டிப் பையில போட்டிருக்க. மறந்தவன் எப்படிடா கழட்டுவான்?"

ஏணி நட்டை மறுபடி துடைத்தான். அவ்வளவு சரியான கேள்வி.

"விடும்மா" என்றார் மாடி சார். "டேப்பச் சுத்தி மூடு. இங்க மேட்ச் போயிட்டிருக்கு."

"டேப் சுத்தினதாலதான் சார் நான் இப்ப இங்க நிக்கறேன்" என்று அவருக்குச் சொல்லிவிட்டு ஜாயின்டர் மறுபடி கொழுந்தன் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரத்துலேர்ந்து தனியா ஒட்ட விடறேன்னு சொன்னேன்ல? அத மறந்துடு. உனக்கு ஏணி மட்டும்தான். ஒண்ணு நீ அதத் தூக்கு, இல்ல அது உன்னத் தூக்கட்டும்."

ஏணி தலையைக் குனிந்தான். அவ்வளவு உயரத்திலிருந்து தலை குனிந்தால் பார்க்கப் பாவமாக இருக்கும்.

4.

இங்கே எனக்கு இவன்மேல் சந்தேகம் வந்தது. தனியாக ஒட்டப் போகிறேன் என்று ஒரு மாதமாகத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், அது கைவிட்டுப் போகும்போது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டானா? பாத்திரம் காரணமில்லாமல் வாயை மூடிக்கொண்டால் கதையில் ஓட்டை என்று அர்த்தம்.

எங்கே ஓட்டை என்று மேலே போய்ப் படித்துப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது: நானும் அதையே செய்திருக்கிறேன். டெய்லரம்மாவைக் கோக்காமலே கதையை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் என் சட்டைப் பையில் இருக்கிறார்.

இந்த இடத்தில் அனுபவமுள்ள எழுத்தாளர்கள் டேப் சுற்றுவார்கள். "இதற்கிடையில், எதிர் வீட்டில்" என்று ஒரு சுற்று. யாருக்கும் தெரியாது, மழை பெய்கிற வரைக்கும். ஆனால் நட்டுக்காக ஒரு பெண் தெருவையே எதிர்த்து நிற்கும்போது நான் டேப் சுற்றினால் நன்றாக இருக்காது. வெட்டுகிறேன்.

2. (மறுபடியும், இந்தத் தடவை நட்டோடு)

கம்பத்தை ஒட்டிய வீடு டெய்லரம்மாவுடையது. தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறார். வெளிச்சத்துக்காக என்பார். வெளிச்சம் பின்கட்டிலும் இருக்கிறது, அங்கே தெரு இல்லை. அவருடைய ஒரே மகள் டீச்சர். மாடி அறையில் உட்கார்ந்து எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளுக்கு நெட்டில் கணக்கு சொல்லித் தருகிறார்.

அந்த வீட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுத்தவன் ஏணி. கொடுத்துவிட்டுப் போனவன், சிக்னல் பார்க்க வந்தான். ஒயரை நேராக்க வந்தான். நேராக்கின ஒயர் நேராகத்தான் இருக்கிறதா என்று பார்க்க வந்தான். "அந்த வீட்டு நெட்டுக்கு மட்டும் தீராத சீக்கா?" என்று மாடி சார் என்னிடம் கேட்டார். டெய்லரம்மா நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னது என் காதிலேயே விழுந்தது: "ஒயரு ஒழுங்காத்தான் இருக்கு. வர்றவந்தான் ஒழுங்கா இல்ல."

விஷயம் தெருவுக்கே தெரியும். ஜாயின்டருக்கு மட்டும் தெரியாது. அவர் தலை எப்போதும் மெஷினுக்குள் இருந்தது.

டெய்லரம்மா சம்மதம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மகளிடம் சொன்னது இதுதான்: "பாக்க லட்சணமா இருக்கான், சரி. தொழில்ல எப்படி? என் கண்ணு முன்னாடி ஒரு நாள் வேலை செய்யட்டும், பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த நாள் இந்த நாள். கண் முன்னாடி என்றால் நிஜமாகவே கண் முன்னாடி. மடக்கு மேஜைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான்.

அந்தச் சுவருக்கு மேலாகத்தான் டம்ளர் வந்தது. ஏணி தோல் உரித்து முடித்த நேரத்தில் டீச்சர் வந்து, பளபளவென்று தேய்த்த ஒரு டம்ளரில் தண்ணீர் நீட்டினார். ஏணி கட்டைவிரலைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். நட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினான். குடித்துவிட்டு டம்ளரைச் சுவர்மேல் வைத்தான். அதே சமயம் ஜாயின்டர் நிமிர்ந்தார்.

விரல் மொட்டை.

இப்போது அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் டம்ளர் வெளியே வரும். டம்ளர் வந்தால் டீச்சர் வருவார். ஜன்னலுக்குள் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

5.

(நாலாவது பகுதியில் நானே வெட்டிவிட்டதால் கதை இங்கே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டு தெரிகிறதா? தெரியத்தான் செய்யும். நான் ஜாயின்டர் இல்லை.)

திட்டி முடித்த களைப்பில் ஜாயின்டருக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் பாட்டிலைத் தேடியவர் சுவர்மேல் டம்ளரைப் பார்த்தார். எட்டி எடுத்தார். காலி. வெளிப்பக்கம் கறுப்பாக, கிரீஸில், ஒரு கட்டைவிரல் ரேகை.

அவருக்கு முதலில் தோன்றியது: எனக்கு ஒரு டம்ளர் வரவில்லையே.

இரண்டாவதாகத் தோன்றியதற்குச் சற்று நேரம் பிடித்தது. டம்ளரைப் பார்த்தார். ஏணியின் விரலைப் பார்த்தார். நிமிர்ந்து டீச்சரின் மாடி அறையைப் பார்த்தார். திரைச்சீலை சட்டென்று மூடிக்கொண்டது. திரும்பிக் கீழ் ஜன்னலைப் பார்த்தார். அங்கே டெய்லரம்மா, நூல் கோக்காத ஊசியால் ஒரு துணியை மிகக் கவனமாகத் தைத்துக்கொண்டிருந்தார்.

ஜாயின்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் வைத்தார். இந்தப் பயல் இதற்காகவா இவ்வளவு திட்டையும் வாங்கிக்கொண்டு நிற்கிறான்? வீட்டில் உப்பு குறைந்தாலே ஊரைக் கூட்டுகிறவன்.

(இந்த இடத்தில், "குடும்பம் என்பதும் ஒரு பெட்டிதான், இழுப்பைக் கழுத்தில் வாங்கிக்கொள்ள ஒருவர்" என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அடித்ததைச் சொல்லாமல் இருக்கவும் மனசு வரவில்லை.)

பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "சரி, தப்பு என்னுது. விரலப் பாத்தேன், கேபிளப் பாக்கல. மூஞ்சியில ரெண்டு கண்ணு, அதுக்கு மேல ரெண்டு கண்ணாடி, எல்லாம் தண்டம்."

"அப்ப டேப்பா?" என்றார் மாடி சார், ஆசையாக.

"வெட்டறேன் சார்."

தெரு முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. நானும்தான் விட்டேன்.

"அண்ணி, இல்ல, நான்தான்" என்று ஏணி ஆரம்பித்தான்.

"வாய மூடிட்டு நட்டக் கோத்துவிடு."

கோத்தான். கோத்துவிட்டு மொட்டை விரலை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினான். அவர் விரலைத் தட்டிவிட்டுக் கேபிளைப் பிடித்து, நட்டை ஒரு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் ஒட்டுகிற மெஷினை அவன் பக்கம் தள்ளினார்.

"ஒட்டு."

"நானா?"

"இல்ல, மாடி சார் எறங்கி வந்து ஒட்டுவாரு."

"இப்பத்தானே ஏணி மட்டும்தான்னு சொன்னீங்க?"

"இப்ப ஒட்டுன்னு சொல்றேன்."

"நீங்க எங்க போறீங்க?"

"டம்ளரக் குடுத்துட்டு வரேன். அடுத்தவங்க வீட்டு டம்ளரு, பாரு."

அவன் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. கண்ணாடி இழையையே தொடாமல் கண்ணாடி முறிகிற சத்தம் கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6.

வாசலில் நடந்த பேச்சில் பாதியைக் கேட்டேன். மீதியை நானே ஒட்டினேன். எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கிற வேலை உங்களுடையது.

"இது உங்க டம்ளருங்களாம்மா?"

"எங்களுதுதான்" என்றார் டெய்லரம்மா. "காலையில அலமாரியில இருந்துச்சு. காலு மொளச்சு நடந்து வந்திருக்கு போல."

"கழுவித் தரலாம்னு பாத்தேன். கிரீஸு போகல."

"ரெண்டு பேரு வேலை செய்யறப்ப ஒரு டம்ளரக் கொண்டாந்து நீட்டியிருக்கா பாரு. கணக்கு டீச்சராம். உனக்குத் தாகமா இருக்கா?"

"இருந்துச்சும்மா. இப்ப எங்கயோ போயிடுச்சு."

டெய்லரம்மா வாசற்படியில் சாய்ந்துகொண்டார். "நீ எதுக்கு உன் தப்புன்ன?"

"பாக்காம ஒட்டினது நான்தானே?"

"அது சரி. ஆனா நடந்தத நானும் பாத்தேன். ஊசியவே பாத்துட்டிருந்தா தெருவ யாரு பாக்கறது?" குரலைத் தாழ்த்தினார். (தாழ்த்தினால் எனக்குக் கேட்காது என்று ஒரு நம்பிக்கை. பாவம்.) "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. விரல்ல மாட்டினத ஒரு டம்ளர் தண்ணிக்குக் கழட்டறவன், நாளைக்கு மோதிரத்தக் கழட்ட மாட்டான்னு என்ன நிச்சயம்?"

ஜாயின்டர் தோல் உரிக்கிற கத்தியைப் பிடித்துக் காய்த்த விரலால் டம்ளரின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். இவர்கள் வீட்டுப் பையனைப் பற்றி இவர்களிடமே கேட்டால் நல்லபடியாகத்தான் சொல்வார்கள் என்று டெய்லரம்மாவுக்குத் தெரியும். டெய்லரம்மாவுக்குத் தெரியும் என்று இவருக்கும் தெரியும்.

"எத்தனையோ தெருவுல எத்தனையோ பேரு தண்ணி குடுத்திருக்காங்கம்மா" என்றார் கடைசியில். "நட்டோடதான் வாங்குவான். பித்தளை நட்டு, டம்ளரெல்லாம் கீறிடும். குடுத்தவங்க மொறைப்பாங்க. இவன் கண்டுக்கவே மாட்டான், மடமடன்னு குடிச்சிட்டு நீட்டுவான். எனக்குத்தான் மானம் போகும். இன்னிக்குத்தான் மொத மொதலா ஒரு டம்ளரு கீறக் கூடாதுன்னு கழட்டியிருக்கான்." டம்ளரை நீட்டினார். "தொழில்ல அது தப்பு. வீட்டுல தப்பான்னு நீங்கதான் சொல்லணும்."

டெய்லரம்மா டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிரீஸ் ரேகை இருந்தது. கீறல் இல்லை.

நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

7.

அந்த நேரம் பார்த்து நெட் வந்துவிட்டது.

கம்பத்தடியில் ஏணி ஒவ்வொரு இழையாக ஒட்டிக்கொண்டு வந்தான் அல்லவா? (முதல் தடவை ஒட்டியபோது ஆபீஸில் லைனைத் திறந்திருக்கவில்லை.) இந்தத் தடவை ஒட்ட ஒட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் உயிர் வந்திருக்கிறது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் கவனிக்கவில்லை. மாடி சார் வீட்டில் மேட்ச் அலறியது. டீச்சரின் மாடி அறையில் யாரோ ஒரு பிள்ளை, "டீச்சர், நீங்க தெரியறீங்க, அழுதீங்களா?" என்று கேட்டது. அடுத்த இழை என் வீட்டு இழை. கைப்பேசி மடமடவென்று அடித்தது. நான் திரும்பி, ஒரே ஒரு தடவை, என்ன வந்திருக்கிறது என்று பார்த்தேன். யாரோ காலை வணக்கம் அனுப்பியிருந்தார்கள்.

மறுபடி வாசலைப் பார்த்தபோது டெய்லரம்மா உள்ளே போய்விட்டிருந்தார். ஜாயின்டர் மேஜைக்குத் திரும்பி மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் பக்கத்தில், கவனியுங்கள், நிரம்பிய ஒரு டம்ளர்.

ஆக, கதையின் முக்கியமான வாக்கியம் என்னிடம் இல்லை. நெட் இல்லாததால் வந்த கதை, நெட் வந்ததால் போயிற்று. மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன்.

"அப்ப அடுத்த வாரம் பெரியவங்களோட வாங்க." ரொம்பச் சீக்கிரம் ஒத்துக்கொள்கிறார். டெய்லரம்மா ஒரு பட்டனுக்கே அரை மணி பேரம் பேசுகிறவர்.

"தொழிலு மொதல்ல, டம்ளரு அப்புறம்." கதைக்கு நீதி வந்துவிடுகிறது. எனக்கு ஒவ்வாது.

"இந்தா, தண்ணி குடி." இது கிட்டத்தட்ட சரி. டம்ளர் நிரம்பியதற்கும் பொருந்துகிறது. ஆனால் இதைச் சொல்ல இவ்வளவு நேரம் வாயைத் திறந்துவைத்துக்கொண்டா நிற்பார்?

ஜாயின்டரிடமே கேட்டேன். "எனக்கும் மறந்துடுச்சுங்க" என்றார். மறந்தவர் சிரிக்க மாட்டார். இவர் சிரித்தார். ஆகவே அந்த வாக்கியத்தை நீங்களே கோத்துக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் நடந்தவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். மாடி சார் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். போகும்போது, அந்த டெய்லரம்மா அன்றைக்கு என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். அவருக்கும் மேட்ச் வந்துவிட்டதாம். அந்தப் பெட்டி இன்னும் கம்பத்தில் இருக்கிறது. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது, ஒரு தடவை லாரியும் இழுத்தது, நெட் போகவில்லை. ஏணி தனியாக ஒட்டப் போய்விட்டான். இப்போது ஜாயின்டருக்கு ஏணி பிடிக்க அவர் வீட்டுக்காரரே வருகிறார், மேலே பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு. ஏணியும் டீச்சரும் கல்யாணம் செய்துகொண்டு நாலு தெரு தள்ளிக் குடிபோனார்கள். டெய்லரம்மா மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போனார்; அந்த வீட்டிலும் ஜன்னலோரம்தான்.

போன வாரம் அந்தப் பக்கம் வேலையாகப் போனவள், சும்மா எட்டிப் பார்த்தேன். உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கும்போது விரலில் ஏதோ உரசியது. டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். அதைச் சுற்றிலும் கீறல், நட்டோ மோதிரமோ உரசின மாதிரி. அலமாரியைப் பார்த்தேன்.

அந்த வீட்டில் கீறல் இல்லாத டம்ளர் ஒன்றுகூட இல்லை.